காணாக்கடி... கடித்தது யார்?

குட்டீஸ், படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு உங்கள் கையையும் காலையும் ஒரு தடவை பாருங்கள். கொசு கடித்த தடிப்பு ஒன்றாவது இருக்கிறதா? இருக்குமே! நம் ஊரில் அது இல்லாத கை ஏது?

"கொசு கடிச்சு வீங்கிடுச்சும்மா" என்று சொல்வீர்கள். பாவம் கொசு! அது செய்தது என்ன? மெல்லிய ஊசி போன்ற குழலால் குத்தியது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொஞ்சம் எச்சிலை உள்ளே விட்டது. குடித்தது, பறந்துவிட்டது. குத்திய ஓட்டை கண்ணுக்கே தெரியாது. அப்படியானால் அந்தச் சிவப்பு, அந்த வீக்கம், அந்த அரிப்பு எல்லாம் யார் செய்த வேலை?

நீங்கள் செய்த வேலைதான்! அதாவது, உங்கள் உடம்பு செய்த வேலை.

சில சமயம் எந்தப் பூச்சியும் கடிக்காமலே உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துவிடும் இல்லையா? அதற்குப் பாட்டிமார்கள் 'காணாக்கடி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டதாம். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பார்கள். அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆசாமி வெளியில் இல்லை, தோலுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அவனைத்தான் இந்த வாரம் பிடிக்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் ஒரு சம்பவம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது நாங்கள் ஐந்து பேர் வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்துதான் மதியம் சாப்பிடுவோம். எல்லார் டப்பாவிலிருந்தும் எல்லாரும் எடுப்போம். ஒருவன் மட்டும் இறாலைத் தொட மாட்டான். "எனக்கு ஒத்துக்காதுடா" என்பான். "போடா, பெரிய ராஜா வீட்டுப் பிள்ளை" என்று கிண்டல் செய்வோம். சின்ன வயசில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தானாம், அப்புறம்தான் ஒத்துக்கொள்ளாமல் போயிற்றாம். "அதெப்படி, முதல்ல ஒத்துக்கிட்டது அப்புறம் ஒத்துக்காமப் போகும்? பொய் சொல்றான்" என்று முடிவு கட்டினோம்.

ஒரு நாள் அவன் கை கழுவப் போன நேரத்தில், என் டப்பாவிலிருந்த இறால் குழம்பில் இரண்டு கரண்டி எடுத்து அவன் சோற்றில் பிசைந்து வைத்தோம். இறாலைப் போடவில்லை. குழம்பு மட்டும்தான். ஊற்றியது நான்.

நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பான். "நாக்கு என்னமோ அரிக்குதுடா" என்றான். நாங்கள் சிரித்தோம். பத்து நிமிடத்தில் உதடு வீங்கிவிட்டது. கழுத்தெல்லாம் தடிப்பு. வாந்தி எடுத்தான். குரல் கரகரத்தது. மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம். எழுந்து நின்றவன் அப்படியே சரிந்தான். அதற்குப் பிறகு எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

விளையாட்டு ஆசிரியர் ஓடி வந்து ஓர் ஆட்டோவைப் பிடித்தார். அவனை எங்கள் மடியில் படுக்க வைத்தே கொண்டுபோனோம். மருத்துவமனையில் டாக்டர் அவன் தொடையில் ஓர் ஊசி போட்டார். சில நிமிடங்களில் கண்ணைத் திறந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனாலும், "இன்னிக்கு ராத்திரி இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

இந்தச் சம்பவத்தில் எத்தனை கேள்விகள் பாருங்கள். முதலில் ஒத்துக்கொண்டது ஏன் பிறகு ஒத்துக்கொள்ளவில்லை? இறாலே இல்லாத குழம்பு எப்படி இந்தப் பாடு படுத்தியது? நாக்கில் ஆரம்பித்தது வயிறு, மூச்சு, மயக்கம் என்று ஏன் பரவியது? கண் விழித்தவனை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கப்பலில் தொடங்கிய கதை

முதல் கேள்விக்கான விடை ஒரு கப்பலில் தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டு. மொனாக்கோ என்ற குட்டி நாட்டின் இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டுக்குக் கடல் ஆராய்ச்சி என்றால் உயிர். அவர் தன் கப்பலில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகளை அழைத்துப் போனார். ஜெல்லி மீன் போலத் தண்ணீரில் மிதக்கும் ஒரு கடல் உயிரி, தன் நீளமான இழைகளால் கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். அந்த விஷம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார் இளவரசர்.

பிரான்ஸ் திரும்பியதும் அந்த உயிரி கிடைக்கவில்லை. அதற்குப் பதில் கடல் சாமந்தியின் விஷத்தை எடுத்துக்கொண்டார்கள். நாய்களுக்கு அதைக் கொஞ்சமாக ஊசி போட்டுப் பார்த்தார்கள். அம்மைத் தடுப்பூசி கதை உங்களுக்குத் தெரியும் அல்லவா? முதலில் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் பிறகு உடம்பு தாங்கிக்கொள்ளும் என்று அவர்களும் எதிர்பார்த்தார்கள்.

நெப்டியூன் என்று ஒரு நாய். நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசி போட்டபோது அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் ஆன பிறகு, அதே சின்ன அளவில் இரண்டாவது ஊசி. சில விநாடிகளிலேயே அது மூச்சுத் திணறியது, வாந்தி எடுத்தது, கீழே விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் இறந்தும் போனது. பாவம் நெப்டியூன். அதைக் கேட்டுவிட்டா ஊசி போட்டார்கள்?

ரிஷேயும் போர்ட்டியேயும் திகைத்துப் போனார்கள். பாதுகாப்பு வரும் என்று பார்த்தால் அதற்கு நேர் எதிராக நடந்திருக்கிறதே! கிரேக்க மொழியில் 'பைலாக்சிஸ்' என்றால் பாதுகாப்பு. அதற்கு எதிரானது என்ற பொருளில் 'அனபைலாக்சிஸ்' என்று 1902இல் பெயர் வைத்தார்கள். இன்றும் டாக்டர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூடவே உழைத்த போர்ட்டியேவுக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், அவருக்கும் பாதி கொடுத்திருக்கலாம்.

'அலர்ஜி' என்ற சொல் அதற்குப் பிறகு, 1906இல்தான் வந்தது. வியன்னா நகரத்தில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த கிளெமென்ஸ் வான் பிர்கே என்ற டாக்டர் உருவாக்கிய சொல் அது. நாம் 'ஒவ்வாமை' என்கிறோம். "எனக்கு ஒத்துக்காதுடா" என்று என் நண்பன் சொன்னானே, அதே சொல்தான் இது. எங்களுக்குத்தான் காதில் விழவில்லை.

தாளிக்கும் கடுகு

சரி, நெப்டியூன் உடம்புக்குள் அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது?

உங்கள் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமி ஏதாவது உள்ளே வந்தால் அதன் அடையாளத்தைப் படித்து, அதற்கென்றே தனியாக ஓர் ஆயுதத்தைச் செய்யும். அந்த ஆயுதத்தின் பெயர் ஆண்டிபாடி. பார்ப்பதற்கு உண்டிவில் போல, கவட்டை வடிவத்தில் இருக்கும். மேலே இரண்டு கை, கீழே ஒரு பிடி. கைகள் எதிரியைப் பிடித்துக்கொள்ளும். ஓர் எதிரிக்குச் செய்த கவட்டை இன்னோர் எதிரிக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

இந்தக் கவட்டைகளில் ஐந்து வகை உண்டு. அவற்றில் 'ஐ.ஜி.ஈ.' என்ற வகைதான் நம் கதையின் வில்லன். ரத்தத்தில் ஐந்திலும் மிகமிகக் குறைவாக இருப்பது இதுதான். குடற்புழு மாதிரியான ஒட்டுண்ணிகளோடு சண்டை போட உதவுவதுதான் இதன் நிஜமான வேலை என்று கருதுகிறார்கள். ஆனால் சிலருக்கு அந்தக் காவல் படை ஆள் மாறாட்டம் செய்துவிடுகிறது. இறாலில் உள்ள ஒரு புரதத்தையோ, வேர்க்கடலையையோ, பாலையோ, குளவியின் விஷத்தையோ பார்த்து, "எதிரி வந்துட்டான்" என்று ஐ.ஜி.ஈ. செய்து குவித்துவிடும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்த நேரத்தில் வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. அரிப்பும் இருக்காது, தடிப்பும் இருக்காது. அதனால்தான் என் நண்பனுக்கு முதலில் 'ஒத்துக்கொண்டது'. உண்மையில் அப்போது உள்ளே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

செய்து முடித்த ஐ.ஜி.ஈ. எங்கே போய்ச் சேரும்? தோல், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் என்று வெளியுலகம் நம்மைத் தொடுகிற இடங்களில் எல்லாம் 'மாஸ்ட் செல்' என்ற செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1878இல் இவற்றுக்குப் பெயர் வைத்தவர் பால் ஏர்லிக் என்ற ஜெர்மன் மாணவர். நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே குருணை குருணையாக நிரம்பி இருந்தது. நன்றாகத் தின்று கொழுத்த செல் போலிருக்கிறது என்று நினைத்து, ஜெர்மன் மொழியில் அந்தப் பொருள் வரும்படி பெயர் வைத்துவிட்டார். அது சாப்பாடு அல்ல, வெடிமருந்து என்பது அப்போது அவருக்குத் தெரியாது!

ஐ.ஜி.ஈ. கவட்டைகள் இந்த மாஸ்ட் செல்லின் மேல், பிடி உள்ளே, கைகள் வெளியே என்று வரிசையாகக் குத்தி நிற்கும். ரத்தத்தில் இருந்தால் இரண்டு மூன்று நாட்களில் குறைந்துவிடும் ஐ.ஜி.ஈ., மாஸ்ட் செல்லின் மேல் உட்கார்ந்துவிட்டால் வாரக்கணக்கில் அசையாது. காத்திருக்கும்.

இப்போது அதே இறால் புரதம் மறுபடி வருகிறது. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி போட்டால்தானே திறக்கும்? அது போல, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கவட்டைகளை ஒரே புரதம் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். அப்படி இழுத்ததுதான் தாமதம், காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டது போல மாஸ்ட் செல்லிலிருந்து குருணைகள் படபடவென்று வெளியே கொட்டும். புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை, சரக்கு முன்பே தயார். அதனால்தான் சில நிமிடங்களிலேயே அரிக்க ஆரம்பிக்கிறது.

அந்தக் குருணைகளில் முக்கியமான சரக்கு ஹிஸ்டமின். அது நரம்பைத் தொட்டால் அரிக்கும். சின்ன ரத்தக் குழாய்களை விரித்தால் தோல் சிவக்கும். குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிந்தால் வீங்கும். கொசு கடித்த இடத்தில் நடப்பது இந்த மூன்றும்தான். கொசுவின் எச்சில்தான் அங்கே 'எதிரி'. தோலுக்கு அடியில் மூலைக்கு மூலை உட்கார்ந்திருக்கும் இந்த மாஸ்ட் செல்தான் நாம் தேடி வந்த காணாக்கடி!

ஒரு சின்ன எச்சரிக்கை. காணாக்கடி வந்தாலே இறால், கத்தரிக்காய் என்று எதன் மேலாவது பழி போடாதீர்கள். குழந்தைகளுக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலின்போதும் இப்படித் தடிக்கும். பால் குடித்தால் வயிறு உப்பும் என்பவர்கள் எல்லாருக்கும் பால் ஒவ்வாமை என்றும் அர்த்தம் இல்லை. பாலில் உள்ள சர்க்கரை ஜீரணம் ஆகாமலும் அப்படி வரும். எது காரணம் என்று டாக்டர்தான் சோதித்துச் சொல்ல முடியும். சந்தேகப்படும் பொருளில் ஒரு சொட்டைக் கையில் வைத்து, தோலை மெல்லக் கீறிப் பார்ப்பார்கள். கால் மணி நேரத்தில் அங்கே கொசுக்கடி போலத் தடித்தால், அந்தப் பொருளுக்கான ஐ.ஜி.ஈ. உடம்பில் இருக்கிறது என்று பொருள்.

வயிற்றில் மீன் ஊசி

இந்த ஐ.ஜி.ஈ.யைக் கண்டுபிடித்த கதை தனி சுவாரஸ்யம். 1921இல், அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரத்தில் இரண்டு டாக்டர்கள். ஹைன்ஸ் குஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொல்லையும் இல்லை. குஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, பிராஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார்கள். சில நிமிடங்களில் சிவந்து தடித்துவிட்டது! ஒருவரின் ஒவ்வாமை, ரத்த நீர் வழியாக இன்னொருவர் தோலுக்குக் குடிபோய்விட்டது. அப்படியென்றால் அந்த ரத்த நீரில் ஏதோ ஒன்று இருக்கிறது. (இன்று இதைச் செய்ய விடமாட்டார்கள். ரத்தத்தோடு நோயும் சேர்ந்து போய்விடும்.)

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று தெரிய 45 வருடம் ஆயிற்று. கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இதைத் துரத்தினார்கள். ரத்தத்தில் அது அவ்வளவு கொஞ்சமாக இருந்ததால் எந்தக் கருவியிலும் சிக்கவில்லை. கடைசியில் அவர்கள் நம்பிய கருவி தங்கள் சொந்தத் தோல்தான். அங்கே ஊசி போட்டுத் தடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே 1966இல் பிடித்தார்கள். ஸ்வீடன் நாட்டில் ஜோஹான்சன், பென்னிச் என்ற இருவரும் தனியாக அதே பொருளை வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்து, 1968இல் ஐ.ஜி.ஈ. என்ற பெயர் உறுதியானது.

குழம்பு என்ன செய்தது?

வேப்ப மரத்தடிக்குத் திரும்புவோம். இறாலின் சதையில் 'ட்ரோபோமயோசின்' என்று ஒரு புரதம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இறால் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான். கொதிக்க வைத்தாலும் அது கெடாது. குழம்பில் இறங்கிவிடும். 'இறாலைப் போடவில்லை, குழம்புதானே' என்று நாங்கள் நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு! இதே புரதத்தின் நெருங்கிய சொந்தக்காரன் கரப்பான் பூச்சியிலும், படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியிலும் இருக்கிறது. அதனால் தூசி ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்ளாது.

புரதம் முதலில் பட்டது நாக்கும் உதடும். அங்கே இருந்த மாஸ்ட் செல்கள் வெடித்தன. பிறகு குடல், அதனால் வாந்தி. ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போனதும் தோலில் தடிப்பு. தொண்டை வீங்கியதால் குரல் கரகரத்தது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, வழி குறுகியதால் விசில் சத்தம். எல்லா இடத்திலும் ரத்தக் குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்து கசிந்ததால் ரத்த அழுத்தம் விழுந்தது. எழுந்து நின்றதும் மூளைக்குப் போக ரத்தம் போதவில்லை. சரிந்துவிட்டான். ஆட்டோவில் படுக்க வைத்தோமே, எங்களுக்கே தெரியாமல் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

டாக்டர் போட்டது அட்ரினலின் ஊசி. ஹிஸ்டமின் செய்ததை எல்லாம் இது தலைகீழாக்கும். விரிந்த குழாய்களைச் சுருக்கும், இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்கும், இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டால் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். வீட்டில் அரிப்புக்குக் கொடுக்கிறார்களே ஒரு மாத்திரை, அது ஹிஸ்டமினை மட்டும்தான் தடுக்கும். வேலை செய்ய நேரமும் ஆகும். தடிப்புக்கு அது போதும், மூச்சுத் திணறலுக்குப் போதாது. வெற்றிலை மிளகும் போதாது, பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி!

ராத்திரி ஏன் தங்க வைத்தார்? சிலருக்கு எல்லாம் அடங்கிய சில மணி நேரம் கழித்து, மறுபடி சாப்பிடாமலே இரண்டாவது அலை வரும். அதற்காகத்தான்.

உங்கள் நண்பருக்கு இப்படி நடந்தால் முதலில் ஒரு பெரியவரைக் கூப்பிடுங்கள். 108க்கு போன் செய்யச் சொல்லுங்கள். நண்பரை நிற்கவோ நடக்கவோ விடாமல் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்பிவிடுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நான் அன்று அதைச் சொல்லத் தயங்கினேன். "யாராவது வாயைத் திறங்கடா" என்று ஆசிரியர் அதட்டிய பிறகுதான் "இறால் குழம்பு சார்" என்று வந்தது.

ஒவ்வாமையே வராமல் தடுக்க முடியுமா? முன்பெல்லாம் வெளிநாட்டு டாக்டர்கள் குழந்தைகளுக்கு வேர்க்கடலையே கொடுக்காதீர்கள் என்றார்கள். லண்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வாழும் குழந்தைகளைப் போலப் பத்து மடங்கு இருந்தது. இஸ்ரேலில் கைக்குழந்தைகளே வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடுவார்கள்! சந்தேகம் வந்து, லண்டனில் ஒவ்வாமை வர வாய்ப்புள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. ஐந்து வயதில் பார்த்தபோது, வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டு வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். அறிவுரை அப்படியே தலைகீழானது! ஆனால் இது ஒவ்வாமை வருவதற்கு முன்னால் மட்டும்தான். ஏற்கெனவே வந்தவருக்கு 'பழக்கிவிடுகிறேன்' என்று யாரும் கொடுக்கக் கூடாது. அதை டாக்டர்கள் மருத்துவமனையில் வைத்து, துளித் துளியாகச் செய்வார்கள்.

என் நண்பன் இப்போது பெரிய ஆள். இன்னும் இறால் சாப்பிடுவதில்லை. என் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் இலையில் உட்காரும் முன் என்னை ஒரு பார்வை பார்த்து, "இன்னிக்கு என்ன குழம்புடா?" என்பான். சாம்பார் என்று சொன்னாலும் முதல் வாயை என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பான்.